கவர்னர் கைக்குப் போன கல்லூரி, களத்தில் இறங்கிய பழைய மாணவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மாணவர் சங்கம் என்றால் நமக்கு ஆண்டுக்கொரு கூட்டம், குழுப் புகைப்படம், ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு ஒரு சால்வை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் நியூ காலேஜ் என்ற சின்னக் கல்லூரியில் படித்தவர்களுக்கு 2023-ல் வேறு மாதிரி வேலை வந்து சேர்ந்தது. மாநில கவர்னர் அந்தக் கல்லூரியின் நிர்வாகத்தை ஒரே மாதத்தில் தன் அணியினர் கையில் கொடுத்தார். அதன் பிறகு பழைய மாணவர்கள் எதையெல்லாம் முயன்றார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது.

முதலில், இது என்ன கல்லூரி?

சாரசோட்டா என்ற கடலோர ஊரில், விரிகுடாவை ஒட்டி, சர்க்கஸ் நடத்திப் பணக்காரர்களான ரிங்லிங் குடும்பத்தின் பழைய மாளிகைகளைச் சுற்றி அமைந்த கல்லூரி. 1960-ல் தனியார் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது. 1964-ல் முதல் மாணவர்கள் வந்தார்கள். 1975-ல் பணமுடை வந்து தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 2001-ல் மறுபடி தனியாகி, மாநிலத்தின் சிறப்பு அரசுக் கல்லூரி என்ற தகுதி பெற்றது.

இங்கே மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் பேராசிரியர் உட்கார்ந்து மதிப்புரை எழுதித் தருவார். பருவத்தின் தொடக்கத்தில் மாணவரும் பேராசிரியரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள்: இதைப் படிப்பேன், இவ்வளவு முடிப்பேன் என்று. கடைசியில் ஆளுக்கொரு ஆய்வேடு, அதன்மேல் வாய்மொழித் தேர்வு. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற கணிதமேதை வில்லியம் தர்ஸ்டன் இங்கே முதன்முதலில் சேர்ந்த மாணவர் அணியில் ஒருவர். டூபான்ட் ரசாயன நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்த வழக்கறிஞர் ராபர்ட் பிலாட்டும் இந்தக் கல்லூரிக்காரர்தான்.

2022-ல் மொத்த மாணவர்களே சுமார் 700 பேர். அதனால் பழைய மாணவர் கூட்டமும் சில ஆயிரம் பேருக்குள் அடங்கிவிடும். நம்மூர் பெரிய கல்லூரி ஒன்றில் ஓராண்டுச் சேர்க்கையே அந்த 700-ஐத் தாண்டும். ஆனால் ஒருவருக்கொருவர் தெரிந்த கூட்டம் என்பதால் செய்தி வேகமாகப் போகும், காசும் வேகமாகச் சேரும்.

2023-ல் என்னதான் நடந்தது?

இரண்டாம் முறை கவர்னராகப் பதவியேற்ற மூன்றாம் நாள், ஜனவரி 6 அன்று, ரான் டிசாண்டிஸ் அறங்காவலர் குழுவுக்கு ஆறு பேரை ஒரே மூச்சில் நியமித்தார். அதில் மிகவும் பேசப்பட்டவர் கிறிஸ்டோபர் ரூஃபோ. இனவாதம் பற்றிய பாடங்களுக்கு எதிராக நாடு முழுக்கப் பிரசாரம் செய்த ஆள், சாரசோட்டாக்காரர்கூட இல்லை. மிச்சிகனில் உள்ள ஹில்ஸ்டேல் என்ற பழமைவாதக் கிறிஸ்தவக் கல்லூரியைப் போல இதை மாற்ற வேண்டும் என்று கவர்னர் அலுவலகமே வெளிப்படையாகச் சொன்னது.

குழுவில் மொத்தம் 13 இடங்கள். கவர்னர் போட்ட ஆறு பேரோடு, மாநிலப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு அனுப்பிய இன்னொருவரும் சேர்ந்ததும் கணக்கு முடிந்துவிட்டது. ஜனவரி 31 கூட்டத்தில் கல்லூரித் தலைவர் பேட்ரிஷியா ஓக்கரை நீக்கினார்கள். அந்த இடத்துக்கு மாநில சட்டசபையின் முன்னாள் சபாநாயகரும் முன்னாள் கல்வி ஆணையருமான ரிச்சர்ட் கோர்கரன் வந்தார். அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 6,99,000 டாலர், முந்தைய தலைவர் வாங்கியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். பிப்ரவரியில் பன்மைத்துவ அலுவலகத்தை, அதாவது பல இன, பாலினப் பின்னணி மாணவர்களுக்கு இடம் கொடுக்கப் பாடுபடும் அலுவலகத்தை, மூடினார்கள். ஏப்ரல் 26 அன்று, பணி உறுதிக்கு எல்லாக் கட்டங்களையும் தாண்டி வந்திருந்த ஐந்து பேராசிரியர்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் நடத்திய பாடங்களில் வேதியியலும் கடலியலும் இருந்தன. கரிம வேதியியலில் என்ன அரசியல் கண்டார்களோ! ஆசிரியர்களின் பிரதிநிதியாகக் குழுவில் இருந்த மாத்யூ லெபின்ஸ்கி அந்தக் கூட்டத்தின் முடிவிலேயே ராஜினாமா செய்துவிட்டு எழுந்து போனார். ஆகஸ்டில் பாலினவியல் பாடப்பிரிவை எடுத்துவிடத் தீர்மானம் போட்டார்கள். அதற்குள் ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிளம்பியிருந்தார்கள்.

அரசுக் கல்லூரிதானே? ஓட்டு வாங்கி ஜெயித்த கவர்னர் ஆள் போடுவதில் என்ன தப்பு?

நியாயமான கேள்வி. சட்டப்படி தப்பில்லை. அறங்காவலர்களை நியமிக்கும் அதிகாரம் கவர்னருக்கு உண்டு, அவருக்கு முன் இருந்தவர்களும் நியமித்தார்கள். மாணவர் சேர்க்கை சரிந்துகொண்டிருந்ததும் உண்மை. 1,200 பேராக வளர வேண்டும் என்று மாநிலம் சில ஆண்டுகளுக்கு முன் பணம் கொடுத்தது, ஆனால் எண்ணிக்கை ஏறுவதற்குப் பதில் இறங்கியது. பழைய மாணவர்கள் பேசும்போது இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மெல்லக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

ஆனால் சேர்க்கையைச் சரிசெய்யப் போட்ட ஆட்கள் முதலில் கைவைத்தது சேர்க்கையில் இல்லை. யார் பாடம் நடத்தலாம், எது பாடமாக இருக்கலாம் என்பதில். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 2024 பிப்ரவரியில் கல்வி நிர்வாக நெறிகளை மீறிய கல்லூரிகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது இதனால்தான்: கல்வி சார்ந்த முடிவுகளில் ஆசிரியர்களுக்கு உள்ள பங்கை அடியோடு ஒதுக்கிவிட்டார்கள் என்று.

பழைய மாணவர்களுக்கு என்ன அதிகாரம் இருந்தது?

எதுவுமில்லை. 13 இடங்களில் ஒன்று மாணவர் தலைவருக்கு, ஒன்று ஆசிரியர் தலைவருக்கு. பழைய மாணவர்களுக்கென்று ஒன்றுகூட இல்லை. கவர்னர் விரும்பினால் ஒரு பழைய மாணவரைப் போடலாம், அவ்வளவுதான். அப்படிப் போடவும் செய்தார், அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர்கள் கையில் இருந்தவை மூன்று. ஃப்ளோரிடாவில் அரசு அமைப்புகளின் கூட்டங்கள் பொதுமக்கள் முன் நடக்க வேண்டும், ஆவணம் கேட்டால் கொடுக்க வேண்டும் என்ற பழைய சட்டம் இருக்கிறது. அதனால் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நின்று, கொடுத்த சில நிமிடத்தில் பேச முடிந்தது. அப்புறம் பணம். மூன்றாவது, நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த வக்கீல்கள், பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள் என்ற ஆள்பலம். ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினார்கள், திரும்பத் திரும்பப் பேசினார்கள், ஓட்டு மட்டும் ஒருமுறைகூட மாறவில்லை.

2020-ல் இதே கல்லூரியைக் காப்பாற்றினார்களே, அது எப்படி?

அந்த ஆண்டு சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. நியூ காலேஜை ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிடலாம், ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு அதிகம் என்று. பழைய மாணவர்களும் ஊர்க்காரர்களும் சட்டமன்ற உறுப்பினர்களைத் துரத்தித் துரத்திப் பேசினார்கள், மசோதா படுத்துவிட்டது.

அப்போது எதிரே இருந்தது ஒரு மசோதா. அதற்கு இரண்டு சபையிலும் ஓட்டு வேண்டும், ஓட்டுப் போடுபவருக்குத் தொகுதி இருக்கிறது, தொகுதிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டால் காது கொடுக்க வேண்டும். 2023-ல் நடந்தது நியமனம். அதற்கு மாநில செனட்டின் ஒப்புதல் மட்டும் தேவை, அங்கே கவர்னர் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம். அப்படியும் ஒரு சின்ன விரிசல் விழுந்தது. நியமிக்கப்பட்ட ஆறு பேரில் எடி ஸ்பியர் என்பவரை செனட் உறுதிசெய்யவில்லை, அவர் பதவி போனது. எல்லா ஊழியர்களையும் நீக்கிவிட்டு, வேண்டியவர்களை மட்டும் திரும்ப எடுக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்.

சரி, நிர்வாகத்தைத் தடுக்க முடியவில்லை. அப்படியானால் என்னதான் செய்தார்கள்?

இங்கேதான் இந்தக் கதை எனக்குப் பிடித்த திருப்பத்தை எடுக்கிறது. கல்லூரி என்பது கட்டடமும் பதிவாளர் அலுவலகமும் மட்டும் இல்லை, அதற்குள் 700 பேர் இருக்கிறார்கள் என்று சீக்கிரமே பிரித்துப் பார்த்தார்கள். நிர்வாகம் கைவிட்டுப் போகட்டும், ஆட்களை விடக்கூடாது.

முதலில் கைக்கு வந்தது பட்டமளிப்பு விழா. 2023 மே மாதம் நடந்த அதிகாரபூர்வ விழாவுக்கு ஸ்காட் அட்லஸ் என்பவரை அழைத்திருந்தார்கள். கொரோனா காலத்தில் டிரம்புக்கு ஆலோசகராக இருந்த மருத்துவர். அந்த வருடம் படிப்பு முடித்தவர்களோ கொரோனாவோடு கல்லூரி வாழ்க்கையைக் கழித்தவர்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? மாணவர்கள் தங்களுக்கென்று தனி விழா நடத்த முடிவு செய்து இணையத்தில் நிதி கேட்டார்கள். பழைய மாணவர்களும் ஆதரவாளர்களும் கொட்டிக் கொடுத்தார்கள். மே 18 மாலை, அதிகாரபூர்வ விழாவுக்கு முந்தைய நாள், சாரசோட்டா கலை அருங்காட்சியகத்தில் அது நடந்தது. சிவில் உரிமை வழக்கறிஞர் மாயா வைலி வந்து பேசினார்.

மறுநாள் கல்லூரி விழாவுக்கும் பலர் போனார்கள். அட்லஸ் பேசும்போது கூச்சல் போட்டார்கள், பேச்சை முடிக்கச் சொல்லிக் கோஷமிட்டார்கள். அது எனக்கு அவ்வளவு உவப்பில்லை. முந்தைய நாள் விழாவே போதுமான பதிலாக இருந்தது. ஆனால் நான்கு வருடம் படித்து முடித்த பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து நாகரிகம் சொல்வது சுலபம்.

பட்டமளிப்பு ஒரு மாலைதான். அதன் பிறகும் தொடர்ந்து வேலை செய்ய நோவோ கொலீஜியன் அலையன்ஸ் என்ற அமைப்பைப் பழைய மாணவர்கள் தொடங்கினார்கள். கல்லூரிக்குள் மாணவர்களுக்குக் கிடைத்துவந்த ஆதரவு ஒவ்வொன்றாக நின்றுபோனதால், அதை வெளியிலிருந்து கொடுப்பது அதன் நோக்கம்.

பாடங்களையும் வெளியே நடத்தினார்களாமே?

ஆமாம். 2023 ஆகஸ்டில் ஆல்ட் நியூ காலேஜ் என்ற இணையவழி வகுப்புத் திட்டம் தொடங்கியது. பழைய மாணவர்கள், வெளியேறிய ஆசிரியர்கள், நியூயார்க்கில் உள்ள பார்ட் கல்லூரி, எழுத்துச் சுதந்திரத்துக்காக இயங்கும் பென் அமெரிக்கா எல்லாரும் கைகோத்தார்கள். பிறகு அதன் பெயர் ஆல்ட் லிபரல் ஆர்ட்ஸ் என்று மாறியது.

இது கல்லூரிக்கு மாற்று ஆகாது. இணையத்தில் சில பாடங்களைக் கேட்டு யாரும் பட்டம் வாங்கிவிட முடியாது, விரிகுடா ஓரத்தில் நள்ளிரவு வரை வாதாடிக்கொண்டிருப்பதும் திரையில் வராது. ஆனால் உள்ளே நிறுத்தப்படும் பாடத்தை வெளியே யாரோ நடத்துகிறார்கள் என்ற நிலை வந்தது. வேலை போன ஆசிரியருக்கு ஒரு வகுப்பு கிடைத்தது.

மாணவர்கள் வேறு கல்லூரிக்குப் போனது காப்பாற்றுவதா, கைவிடுவதா?

மாசசூசெட்ஸில் உள்ள ஹாம்ப்ஷைர் கல்லூரி 2023 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: நியூ காலேஜ் மாணவர் யார் வந்தாலும் அங்கே கட்டிய கட்டணத்தையே இங்கே கட்டினால் போதும். அங்கேயும் மதிப்பெண் கிடையாது, எழுத்து மதிப்புரைதான். ஃப்ளோரிடா மாணவருக்குச் சொந்த மாநிலத்தில் ஆண்டுக் கட்டணம் சுமார் 7,000 டாலர், ஹாம்ப்ஷைரின் கட்டணம் அதைப் போலப் பல மடங்கு. சில பத்து மாணவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஹாம்ப்ஷைரே 2019-ல் மூடும் நிலைக்கு வந்து, தன் பழைய மாணவர்கள் கொதித்தெழுந்ததால் பிழைத்த கல்லூரி. ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் அங்கே படித்தவர், நிதி திரட்டலுக்கு முன்னே நின்றார். அங்கே பழைய மாணவர்கள் ஜெயிக்க முடிந்ததற்குக் காரணம் அது தனியார் கல்லூரி. பணம் வந்தால் நிர்வாகம் கேட்கும். நியூ காலேஜுக்குப் பணம் சட்டசபையிலிருந்து வருகிறது.

கைவிடுவதா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். பதினெட்டு வயசுப் பிள்ளை ஒரு கல்லூரியின் மானத்தைக் காக்க அங்கேயே இருந்து தன் படிப்பைத் தொலைக்க வேண்டியதில்லை. 2022 இலையுதிர் காலத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அடுத்த ஆண்டு திரும்பவில்லை.

பழைய மாணவர்கள் எல்லாருமே எதிர்த்தார்களா?

எல்லாரும் இல்லை. கவர்னர் போட்ட அந்த ஆறு பேரில் ஒருவர், வழக்கறிஞர் டெப்ரா ஜென்க்ஸ், இந்தக் கல்லூரியில் படித்தவர். பிறகு அறங்காவலர் குழுவின் தலைவரும் ஆனார். குடியரசுக் கட்சியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த லிங்கன் டியாஸ் பலார்ட்டும் நியூ காலேஜில் படித்தவர்தான், இந்தக் கல்லூரி இடதுசாரிகளை மட்டுமே உருவாக்கியது என்ற பேச்சுக்கு அவரே பதில். எதிர்த்தவர்கள் பெரும்பான்மை, சத்தமும் அவர்களுடையதுதான். ஆனால் பழைய மாணவர்கள் சார்பாக என்று யாராவது பேசினால், எந்தப் பழைய மாணவர்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

நன்கொடையை நிறுத்தினால் நிர்வாகத்துக்கு அடி விழாதா?

இதுதான் அவர்களுக்குள்ளேயே அதிகம் சண்டை வந்த விஷயம். கல்லூரிக்கான நன்கொடை நியூ காலேஜ் அறக்கட்டளை வழியாகத்தான் போகும். மாணவர் உதவித்தொகையும் அதிலிருந்து வருகிறது. கல்லூரித் தலைவரின் சம்பளத்துக்கு மாநிலப் பணம் எவ்வளவு போகலாம் என்று சட்டத்தில் வரம்பு உண்டு, அதனால் கோர்கரனின் சம்பளத்தில் பெரும்பகுதிக்கும் அறக்கட்டளைதான் கைகொடுக்க வேண்டும். ஆனால் நன்கொடையை நிறுத்தினால் கல்லூரி நின்றுவிடாது. மாநில அரசு தன் பங்கை அந்த ஆண்டே கூட்டிக் கொடுத்தது. ஏழை மாணவருக்கும் சேர்த்து அடி விழும். நிறுத்தாமல் கொடுத்தாலோ, பாருங்கள் பழைய மாணவர்களின் ஆதரவு எங்களுக்கே என்று அறிக்கை விடுவார்கள். பலர் கண்ட வழி, அறக்கட்டளைக்குக் கொடுத்ததை நேரே மாணவர் உதவிக்கும் வழக்குச் செலவுக்கும் திருப்பிவிடுவது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

வழக்கு என்ன ஆனது?

2023 மே 15 அன்று டிசாண்டிஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலக் கல்லூரிகள் பன்மைத்துவத் திட்டங்களுக்குச் செலவழிக்கக் கூடாது, பொதுப் பாடங்களில் இன்னின்ன கருத்துகள் இருக்கக் கூடாது என்கிறது அது. கையெழுத்துப் போட்ட இடம் நியூ காலேஜ் வளாகம்! அதை எதிர்த்து என்சிஎஃப் ஃப்ரீடம் என்ற அமைப்பும் சில ஆசிரியர்களும் மாணவர்களும் கூட்டாட்சி நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றத்தில் இதுவரை அவர்களுக்குப் பெரிய வெற்றி கிடைத்ததாகச் சொல்ல முடியாது. சட்டம் அமலில் இருக்கிறது.

குப்பைத் தொட்டியில் புத்தகங்கள் என்று ஒரு படம் பார்த்தேன். அது இங்கேதானா?

இங்கேதான், 2024 ஆகஸ்ட். நூலகத்திலிருந்து கழிக்கப்பட்ட புத்தகங்கள் பெரிய குப்பைத் தொட்டி நிறையக் கிடந்தன. மூடப்பட்ட பாலின, பன்மைத்துவ மையத்தில் இருந்த புத்தகங்களும் வெளியே கொட்டப்பட்டிருந்தன. நூலகங்கள் பழசைக் கழிப்பது வழக்கமான வேலைதான் என்று கல்லூரி சொன்னது. அது பொய்யில்லை, எல்லா நூலகமும் கழிக்கும். ஆனால் முன்கூட்டிச் சொல்லி மாணவர்களை எடுத்துக்கொள்ள விடுவது ஒன்று, குப்பை வண்டிக்குக் கொடுப்பது வேறொன்று. செய்தி கேட்டு மாணவர்களும் உள்ளூர் ஆட்களும் ஓடிவந்து, மையத்தின் புத்தகங்களில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். நூலகத் தலைவர் விடுப்பில் அனுப்பப்பட்டார்.

புதிதாகச் சேர்ந்த மாணவர்களை என்ன செய்வது? அவர்களும் மறுபக்கமா?

2023-ல் 300-க்கு மேற்பட்ட புது மாணவர்கள் வந்தார்கள், இந்தக் கல்லூரிக்கு அதுவரை இல்லாத எண்ணிக்கை. அவர்களில் கணிசமானவர்கள் விளையாட்டு வீரர்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் அதற்கு முன் பெரிதாக இறங்காத கல்லூரியில், பேஸ்பால் அணிக்கு மட்டும் எழுபது பேர் போல. விடுதியில் இடம் போதாமல் மூத்த மாணவர்கள் பலர் ஹோட்டல் அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஐ.எம். பெய் வரைந்து கட்டிய புகழ்பெற்ற விடுதிகளில் ஒரு பகுதி பூஞ்சை பிடித்து மூடிக் கிடந்ததும் ஒரு காரணம். இப்படி இருந்தால் பழையவருக்கும் புதியவருக்கும் முறைப்பு வராமல் இருக்குமா?

ஆனால் உதவித்தொகை கிடைத்தது என்று வந்த ஒரு பதினெட்டு வயசுப் பையனுக்கும் கவர்னரின் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? பழைய மாணவர்களில் சிலர் சமூக வலைத்தளங்களில் அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்தது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இந்தக் கல்லூரியின் பெருமையே வெவ்வேறு ஆட்களை உட்காரவைத்துப் பேசவைத்ததில்தான் என்று சொல்லிக்கொள்பவர்கள், அந்தப் பேச்சை இவர்களோடும் தொடங்க வேண்டும்.

எங்கள் கல்லூரியில் இப்படி நடந்தால் முதலில் எதைச் செய்வது?

முகவரிப் பட்டியலை எடுத்து வையுங்கள். கல்லூரி அலுவலகத்தின் கணினியில் மட்டும் பழைய மாணவர்களின் மின்னஞ்சல் இருந்தால், ஆட்சி மாறும் நாளில் அதுவும் கைமாறும். சங்கம் தனியாகப் பதிவு செய்யப்பட்டதா, வங்கிக் கணக்கு யார் பெயரில் என்று பாருங்கள். அப்புறம் உள்ளே இருக்கும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கேளுங்கள். முப்பது வருடம் முன் படித்தவருக்குத் தன் காலத்துக் கல்லூரியைத் திரும்பக் கொண்டுவர ஆசையாக இருக்கும். உள்ளே இருப்பவருக்கு இந்தப் பருவத்து வாடகைதான் கவலையாக இருக்கும். பாடத்திட்டங்கள், துறை இணையப் பக்கங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள், நிர்வாகம் மாறினால் முதலில் காணாமல் போவது இவைதான். வேறு கல்லூரிக்குப் போக நினைக்கும் மாணவருக்கு, அங்கே பேராசிரியராக இருக்கும் உங்கள் வகுப்புத் தோழரின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்.